தோட்டமும் கடிதமும்

வெள்ளிவிழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதுமாறு பணிக்கப்பட்டோம். வரலாறு என்றவுடன் போராட்டங்களையும் தலைவர்களையும் எண்ணுவது இயல்பு. அவற்றை எழுத நம்மினும் வல்லார் சங்கத்திலேயே உளர். பள்ளி ஆசிரியராகிய நாம், நம் தொழிலோடு ஒட்டிய சிறிய வரலாறு ஒன்றையே ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். பள்ளித் தோட்டம் எவ்வாறு தோன்றிற்று, வகுப்பறைக்கும் வகுப்பறைக்கும் இடையே கடிதப் போக்குவரத்து எவ்வாறு தொடங்கிற்று, இவ்விரண்டும் சேர்ந்தபோது என்ன விளைந்தது என்பதே அவ்வரலாறு. கேட்பதற்கு இது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் தாயில்பட்டியில் வாழும் நமக்கு இது சிறு செய்தியன்று.

நம் முன்னோர்க்கு மறுக்கப்பட்டவற்றுள் தலையாயவை இரண்டு: மண் ஒன்று, எழுத்து மற்றொன்று. மண்ணில் உழைத்தவர் நம்மவர். அதற்கு உரியவர் பிறர். செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கையின் பயனாக, 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் நாம் வழக்காடிக் கொண்டிருப்பது அதனையே. எழுத்தின் கதையும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில் தொடங்குகிறது. தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றுக்கு அருகே முதல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார். அப்பள்ளிகளின் வளர்ச்சியில் பண்டிதர் அயோத்திதாசருக்கும் பங்குண்டு. மண்ணும் எழுத்தும் ஒரே பத்தாண்டில் நம் வாசலுக்கு வந்து நின்றன. ஆனால் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே வந்தன.

ஆல்காட் பள்ளிகளில் பின்னர்க் கிண்டர்கார்டன் முறை புகுத்தப்பட்டது. நம் ஊர்களில் இச்சொல் இன்று சீருடைக்கும் கட்டணத்துக்கும் அடையாளமாகிவிட்டது. அதன் நேர்ப்பொருள் 'குழந்தைகளின் தோட்டம்' என்பதே. செருமானிய நாட்டு ஆசிரியர் பிரடெரிக் புரோபெல் 1837இல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் தம் பள்ளியைத் தொடங்கி, 1840இல் அதற்கு இப்பெயரைச் சூட்டினார். அவர் உவமைக்காக மட்டும் அப்பெயரை வைத்தாரல்லர். மெய்யாகவே ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சிறு பாத்தியைப் பிரித்துக் கொடுத்தார். அப்பாத்திகளைச் சூழ அனைவர்க்கும் பொதுவான பாத்திகளும் இருந்தன. தன் பாத்தியில் எதை நடுவது என்று குழந்தையே முடிவு செய்யலாம். பொதுப் பாத்தியிலோ பிறரோடு கூடி உழைக்க வேண்டும். இவ்வளவு எளிய ஏற்பாட்டைக் கண்டும் அஞ்சிய பிரசிய அரசு, 1851இல் கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. குழந்தைக்கு ஒரு முழம் மண்ணைச் சொந்தமாகக் கொடுப்பது அரசுகளை அச்சுறுத்தும் செயல் போலும்!

பிற்காலத்தில் வங்காளத்தில் இரவீந்திரநாத் தாகூர் 1924இல் ஏழைச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய சிட்சாசத்திரத்திலும் தோட்ட வேலை பாடத்தின் நடுவே இருந்தது. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய மாநாடும், அதன்பின் சாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழுவும் கைத்தொழில்வழிக் கல்வியாகிய ஆதாரக் கல்வியை வகுத்தன. நூற்பு, நெசவு ஆகியவற்றோடு தோட்டமும் வேளாண்மையும் அதில் இடம்பெற்றன.

இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டியுள்ளது. மேற்குலத்துப் பிள்ளை கையில் மண்வெட்டி பிடிப்பது ஒரு புரட்சி என்றால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் தலைமுறை தலைமுறையாக மண்வெட்டி ஒன்றையே பிடிக்க விதிக்கப்பட்டவனின் பிள்ளை பள்ளிக்கு வந்தும் மண்வெட்டியையே பிடிப்பானாயின், அது என்ன கல்வி? இந்த ஐயம் வீண் ஐயமன்று. 1953இல் சென்னை மாகாணத்துச் சிற்றூர்ப் பள்ளிகளில் புகுத்தப்பட்ட புதிய தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தை ஒரு வேளையாகச் சுருக்கி, எஞ்சிய வேளையில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குச் சரியாகவே பெயரிட்டனர். எழுந்த எதிர்ப்பின் விளைவாக இராசாசி பதவி விலக, பெருந்தலைவர் காமராசர் 1954 ஏப்ரலில் முதலமைச்சராகி அடுத்த மாதமே அத்திட்டத்தைக் கைவிட்டார்.

இதே வழக்கு கடலுக்கு அப்பாலும் நடந்தது. அமெரிக்காவில் அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பின மக்களுக்காகப் புக்கர் டி. வாசிங்டன் 1881இல் டஸ்கீகி பள்ளியை நிறுவினார். செங்கல் அறுத்தலும் உழவும் அங்கே பாடமாயின. 'இவ்வாறு கைத்தொழிலோடு நின்றுவிட்டால் எம் மக்கள் என்றும் கூலிகளாகவே இருப்பர்' என்னும் கருத்துப்பட டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் 1903இல் அவரை மறுத்தெழுதினார். அந்த டுபாய்சுக்குத்தான் அண்ணல் அம்பேத்கர் 1946இல் கடிதம் எழுதினார். ஐக்கிய நாட்டு மன்றத்துக்குக் கறுப்பின மக்கள் விடுக்கும் விண்ணப்பத்தின் படி வேண்டும் என்று கேட்டிருந்தார். டுபாய்சும் மறுமொழி விடுத்தார். ஒடுக்கப்பட்டோர் இருவர் கடல் கடந்து கடிதத்தால் கைகோத்த நிகழ்ச்சி அது.

டஸ்கீகியில் ஆசிரியராக இருந்த ஜார்ஜ் வாசிங்டன் கார்வர் இவ்வழக்கில் நடுவழி ஒன்றைக் காட்டினார் என்பது நம் கருத்து. அடிமைத் தாய்க்குப் பிறந்து வேளாண் அறிவியலில் பேரறிஞரான அவர், 1910இல் சிற்றூர்ப் பள்ளிகளில் இயற்கைப் பாடமும் தோட்ட வேலையும் பற்றிய சிறு வெளியீடு ஒன்றை எழுதினார். தோட்டம் அவருக்குக் கணக்கும் மொழியும் அறிவியலும் கற்பிக்கும் கருவி. மண்ணைக் கிளறுவதோடு அமையாமல், கிளறியதை அளக்கவும் எழுதவும் வேண்டும்.

நாம் மாணவராய் இருந்த நாளில் ஒரு பள்ளியில் தோட்டம் இருந்தது. எந்தப் பள்ளி என்பது இப்போது வேண்டா. கிணற்றிலிருந்து குடம் சுமந்து நீர் ஊற்றியவர்கள் யாவரும் நம் தெருப் பிள்ளைகள். எந்தச் செடி எத்தனை அங்குலம் வளர்ந்தது என்று நோட்டில் குறித்தவர்கள் வேறு தெருப் பிள்ளைகள். காய்த்த கத்தரிக்காய் எங்கே போயிற்று என்பதை நாங்கள் கேட்டதில்லை. ஒரே தோட்டத்தில் ஒரு சாராருக்குக் கல்வி, மற்றொரு சாராருக்குக் கூலியில்லா வேலை. தோட்டம் தானாகவே நன்மை செய்யும் என்று நம்புவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். குடமும் நோட்டும் ஒரே கையில் இருந்தாலன்றித் தோட்டம் கல்வியாகாது. ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் நோட்டு வந்து சேர வழி செய்தது எது என்று தேடும்போதுதான் கடிதத்தின் வரலாறு நமக்கு எதிர்ப்படுகிறது.

பேனா நண்பர் என்றதும் பழைய வார இதழ்களின் பத்தி நினைவுக்கு வரும். பெயர், வயது, முகவரி, 'பொழுதுபோக்கு: தபால்தலை சேகரித்தல்.' அவற்றுள் பெரும்பாலான நட்புகள் மூன்றாம் கடிதத்தோடு நின்றுபோயின. நலம், நலமறிய ஆவல் என்பதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லாமையே காரணம். செய்தி இருந்தால்தான் கடிதம் நிலைக்கும். செடி வளர்ந்துகொண்டே இருப்பதால் தோட்டம் வைத்திருப்பவனுக்குச் செய்தி தீர்வதில்லை.

இதனை முதலில் உணர்ந்தவர்களுள் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் குறிப்பிடத்தக்கவர். அங்கே லிபர்ட்டி ஹைட் பெய்லி இயற்கைப் பாட இயக்கத்தை நடத்தி வந்தார். அவரோடு சேர்ந்து பணியாற்றிய ஜான் ஸ்பென்சர் என்னும் உழவர், 19ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் நியூயார்க் மாநிலப் பள்ளிகளில் சிறுவர் இயற்கை மன்றங்களை அமைத்தார். மன்றத்தின் சந்தா காசு அன்று. மாதம் ஒரு கடிதம். தான் கண்ட செடியையோ பூச்சியையோ பற்றிப் பிள்ளை எழுதும் கடிதமே சந்தா. 'ஜான் மாமா' என்று அழைக்கப்பட்ட அவருக்குப் பல்லாயிரம் கடிதங்கள் வந்தன. சந்தா கட்ட வசதியில்லை என்று எந்த ஏழைப் பிள்ளையும் விலக நேராத மன்றம் அது. நம் சங்கத்தின் இளைஞர் பிரிவினர் இதனைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆயினும் வகுப்பறையையும் வகுப்பறையையும் நேருக்கு நேர் பேச வைத்த பெருமை பிரான்சு நாட்டுச் சிற்றூர் ஆசிரியர் செலஸ்தன் பிரனே என்பவரைச் சாரும். 1896இல் பிறந்த இவர் முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டுக் காயம் பட்டவர். 1920இல் நாட்டின் தென்கோடியில், மலைச்சரிவில் அமைந்த பார்-சூர்-லூ என்னும் ஊர்ப் பள்ளிக்கு ஆசிரியராக வந்தார். காயம்பட்ட நெஞ்சால் நெடுநேரம் உரத்துப் பேச அவரால் இயலவில்லை. பேசிப் பேசியே பாடம் நடத்தும் வழி அவருக்கு அடைபட்டது. ஆகவே பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்றார். வயல்களையும் பட்டறைகளையும் காட்டினார். திரும்பி வந்து கண்டதை அவர்களையே சொல்லச் செய்தார். 1924இல் ஒரு சிறு கையச்சுப் பொறியை வாங்கி வகுப்பறையில் வைத்தார். பிள்ளைகள் தாங்கள் எழுதியவற்றுள் சிறந்ததைத் தாங்களே தேர்ந்து, எழுத்து எழுத்தாக அச்சுக் கோத்து, பல படிகள் எடுத்தனர். மழைத்துளி, நத்தை, தந்தையின் தொழில் எல்லாம் அச்சேறின.

அச்சிட்டதை யாருக்குக் கொடுப்பது? 1926இல் நாட்டின் வடமேற்குக் கடற்கரையில், பிரித்தானி பகுதியில் உள்ள திரேகங் ஊர்ப் பள்ளியின் ஆசிரியர் ரெனே தானியேல் என்பவரும் தம் வகுப்பில் அச்சுப் பொறியை நிறுவினார். இரு வகுப்புகளும் இடையறாது அச்சுத்தாள்களையும் கடிதங்களையும் பரிமாறத் தொடங்கின. சாலை வழியே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. ஒன்று ஆரஞ்சுப் பூவிலிருந்து நறுமண நெய் எடுக்கும் மலைப்பக்கம். மற்றொன்று மீன்பிடிப் படகுகளின் கரை. இங்குள்ள பிள்ளைக்கு அங்குள்ள ஒரு பிள்ளை தோழனாக அமைந்தான். அஞ்சலில் கடிதத்தோடு ஊர்ப் பொருள்கள் அடங்கிய பொதிகளும் போய்வந்தன. வந்த தாள்களைத் தம் தாள்களோடு சேர்த்துத் தைத்து 'வாழ்க்கை நூல்' என்று பெயரிட்டு அதனையே பாடநூலாகப் படித்தனர்.

இதில் அடங்கிய கல்வி நுட்பத்தை ஆசிரியர் என்ற முறையில் நாம் சற்று விரித்துரைக்க வேண்டும். தன் ஊரில் உள்ளதைப் பற்றி ஒரு பிள்ளை தன் ஆசிரியருக்கு எழுதினால், அவன் அறிவான், ஆசிரியரும் அறிவார், எழுதுவதில் பயனில்லை. எனவே கட்டுரை நோட்டு எங்கும் ஒன்றுபோலவே இருக்கிறது. 'பசு ஒரு வீட்டு விலங்கு. அது பால் தரும்.' ஆனால் பசுவையே காணாதவனுக்கு எழுதும்போது? தன் கண்ணுக்குப் பழகிப்போன பொருளைப் பிள்ளை முதன்முறையாக உற்றுப் பார்க்கிறான். அடுத்த தபாலில் கேள்விகள் வருகின்றன. விடை புத்தகத்தில் இல்லை. தந்தையிடமும் பாட்டியிடமும் இருக்கிறது. எழுத்தறியாத தாயிடம் பள்ளிப் பிள்ளை பாடம் கேட்க நேர்கிறது. இது நம் பிள்ளைகளுக்கு எத்துணைப் பெரிய மாற்றம் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

இத்தாலி நாட்டில் இதே விதை வேறொரு மண்ணில் முளைத்தது. புளோரன்சு நகருக்கு அப்பால், பார்பியானா என்னும் மலைச் சிற்றூருக்கு 1954இல் அனுப்பப்பட்ட பாதிரியார் லொரென்சோ மிலானி, பள்ளிகளில் தோற்று விலக்கப்பட்ட உழவர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடத்தினார். 1963இல் சமவெளியில் பியாதேனா பக்கத்து ஆசிரியர் மாரியோ லோதி அங்கு வந்து சென்றபின், இருவர் மாணாக்கரும் கடிதம் எழுதத் தொடங்கினர். பார்பியானாப் பிள்ளைகள் ஒரே கடிதத்தை அனைவரும் கூடி எழுதினர். ஒவ்வொருவரும் துண்டுச் சீட்டுகளில் குறிப்பெழுத, ஒத்தவற்றைச் சேர்த்து, மிகையானவற்றை நீக்கி, வரிசைப்படுத்தினர். இப்பயிற்சியால் பெற்ற வலிமையைக் கொண்டே, ஏழைப் பிள்ளைகளைத் தேர்வில் தோற்கச் செய்து வெளியேற்றும் பள்ளிமுறையைச் சாடி 1967இல் ஓர் ஆசிரியைக்கு எழுதிய கடிதமாக ஒரு நூலையே வெளியிட்டனர். அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது.

நம் நாட்டில் இப்பழக்கம் அறவே இல்லாமலில்லை. இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் நாடுகளுக்கிடையே பள்ளி மாணவர் படத்தொகுப்புகளைப் பரிமாறும் வழக்கத்தை வளர்த்தது. 2010இல் பெங்களூரில் தொடங்கிய 'சீசன்வாட்ச்' என்னும் திட்டத்தில், பள்ளிப் பிள்ளைகள் தத்தம் ஊர் மரம் ஒன்றை வாரந்தோறும் பார்த்து, துளிர், பூ, காய் ஆகியவற்றைக் குறித்து அனுப்பினர். கேரளத்துப் பள்ளிகள் பெருமளவில் சேர்ந்தன. பருவம் மாறுவதை அறிய அறிஞர்களுக்கு இக்குறிப்புகள் உதவுகின்றன. நற்செயலே. ஆனால் அதில் பிள்ளை அறிஞருக்கு எழுதுகிறான்; மற்றொரு பிள்ளைக்கு அன்று.

தொலைவிலிருந்து ஒருவர்க்கொருவர் எழுதிக்கொள்வதில் நம் சமுதாயத்துக்கு வேறொரு முன்மாதிரியும் உண்டு. பண்டிதர் அயோத்திதாசர் 1907 சூன் மாதம் தொடங்கி 1914இல் மறையும் வரை நடத்திய 'தமிழன்' இதழுக்குக் கோலார் தங்கவயலிலிருந்தும் இரங்கூனிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் கடிதங்கள் வந்தன. சுரங்கத்திலும் துறைமுகத்திலும் உழைத்த மக்கள் ஐயம் வினவினர், பண்டிதர் விடையிறுத்தார். அஞ்சலட்டை இந்நாட்டுக்கு 1879 சூலை முதல் நாளில் கால் அணா விலையில் வந்தது. அதன்பின் நெடுங்காலம் வரை, இலங்கைத் தோட்டத்திலிருந்து வரும் கடிதத்தைப் படித்துச் சொல்லத் தபால்காரரையோ வாத்தியாரையோ நம்பி நின்ற தெருக்கள் நம்முடையவை. வீட்டு இரகசியம் அயலார் வாயிலிருந்து கேட்க வேண்டியிருந்த காலம் அது. அவ்விருளில் நம்மவர் ஓர் இதழுக்கே எழுதிக் கேள்வி கேட்டனர் என்பதை இளைஞர்கள் மறக்கலாகாது.

இனித் தாயில்பட்டிக்கு வருவோம். வெம்பக்கோட்டை வட்டாரத்துக் கரிசல் பூமி இது. ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடும். வானம் பொய்த்த காலத்தில் நிலத்தை விட்டுத் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் போன மக்கள் நாம். சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த கதையைப் பாடநூல்கள் சொல்கின்றன. அத்தொழிலில் சிறுவர் சிறுமியர் இழந்த பள்ளிப் பருவத்தின் கதையை 1996 திசம்பர் 10ஆம் நாள் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு சொல்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது; இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகள் பெரும்பாலும் ஆலையை விட்டுப் பள்ளிக்கு வந்துவிட்டனர். பெற்றோர் அங்கேயே இருக்கின்றனர்.

2015இல் தில்லியைச் சேர்ந்த மூன்று பச்சிளங் குழந்தைகளின் பெயரால் உச்சநீதிமன்றத்தில் ஒரு வழக்குத் தொடுக்கப்பட்டது. நகரத்துக் காற்று நஞ்சாகிவிட்டது. எங்கள் நுரையீரலைக் காக்க வேண்டும் என்பது அவ்வழக்கு. 2018 அக்டோபர் 23இல் வந்த தீர்ப்பு பட்டாசை முற்றிலும் தடுக்கவில்லையாயினும், பேரியம் உப்பை விலக்கியது. மாசு குறைந்த பசுமைப் பட்டாசுக்கே இடமளித்தது. அதன்பின் நம் பக்கத்து ஆலைகள் பல மாதங்கள் மூடிக் கிடந்தன. அத்தில்லிக் குழந்தைகளின் வழக்கு நியாயமற்றது என்று நாம் சொல்ல மாட்டோம். மருந்துப் பொடியின் நெடியை அவர்களினும் நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். ஆனால் அந்த வழக்கில் எங்கள் தெருக் குழந்தை எங்கே இருந்தது? மூடிய ஆலையின் வாசலில் இருந்தது. சில ஆண்டுகளில் வெடித்த ஆலையின் வாசலிலும் இருந்தது. அவ்விரு குழந்தைகளும் ஒருவரையொருவர் அறியார். இருவர் சார்பிலும் பேசியவர்கள் வழக்கறிஞர்களே. தில்லியில் ஒரு வகுப்பும் தாயில்பட்டியில் ஒரு வகுப்பும் கடிதத் தோழர்களாய் இருந்திருந்தால் தீர்ப்பு மாறியிராது. ஆனால் பச்சை மத்தாப்பின் ஒளி பேரியத்தால் வருகிறது என்பதையும், அதைத் தொட்ட கையோடு ஒரு தாய் சோறு பிசைய நேர்கிறது என்பதையும் அங்குள்ள பிள்ளை இங்குள்ள பிள்ளையின் எழுத்தால் அறிந்திருப்பான். தீபாவளி இரவுக்குப் பின் மூச்சு எவ்வாறு முட்டுகிறது என்பதை இங்குள்ள பிள்ளை அறிந்திருப்பான்.

முதற் கடிதத்திலேயே பட்டாசைப் பற்றி எழுதச் சொல்வது தகாது என்பதும் நம் கருத்து. விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் வகுப்பில் இருப்பர். முன்பின் அறியாதவனிடம் துயரத்தை எடுத்து வைக்க எவரையும் வற்புறுத்தலாகாது. ஆகவேதான் தோட்டம் வேண்டும். செடியைப் பற்றி எழுதி எழுதிப் பழகிய கை, தனக்கு வேண்டியபோது வேறெதையும் எழுதும்.

2019இல் நடுவணரசு பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைப்பதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. முருங்கையும் கீரையும் சத்துணவுக் கூடத்துக்குப் பயன்படும். நம் சங்கம் நீலகிரிப் பக்கத்துப் பள்ளி ஒன்றோடு தொடர்பு கொள்ளலாம் என்பது நம் விண்ணப்பம். நிபந்தனை ஒன்றே: முறைவைத்து எல்லாப் பிள்ளைகளும் நீர் ஊற்ற வேண்டும், எல்லாப் பிள்ளைகளும் எழுத வேண்டும், தெருவைப் பார்த்து வேலை பிரிக்கலாகாது. கைப்பேசியில் படம் அனுப்பினால் போதாதா என்று சிலர் கேட்பர். படம் அனுப்பலாம், ஆனால் எழுதியபின் அனுப்புக. படம் முந்தினால் எழுத்து பின்தங்கிவிடுகிறது என்பதை வகுப்பில் நாள்தோறும் காண்கிறோம்.

முதற் கடிதத்துக்குப் பொருள் பஞ்சமில்லை. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று ஊரெல்லாம் சொல்லுகிறார்கள். நம் மானாவாரிக் கரிசலில் பருத்தி விதைப்பதோ புரட்டாசியில். ஏன் என்று பிள்ளைகள் பாட்டனிடம் கேட்டு எழுதட்டும். பங்குனியில் வேம்பு எந்த நாளில் பூத்தது என்று குறிக்கட்டும். மலையில் வேம்பு உண்டா என்று கேட்கட்டும். கடிதத்தோடு செல்லும் பொதியில் ஒரு படி கரிசல் மண்ணை வைக்கலாம். அதனை நீரில் குழைத்துத் தட்டில் பரப்பி வெயிலில் வைத்து, எத்தனை நாளில் வெடிப்பு விழுந்தது, வெடிப்பில் எத்தனை விரல் நுழைந்தது என்று பார்த்து எழுதுமாறு மலைப் பிள்ளைகளைக் கேட்கலாம். அவர்கள் ஒரு படி செம்மண் அனுப்புவார்கள். அதில் நம் பருத்தி விதையை ஒரு தொட்டியிலும், கரிசலில் மற்றொரு தொட்டியிலும் ஊன்றி, இரண்டுக்கும் ஒரே அளவு நீர் ஊற்றி, எது முந்தி முளைத்தது என்று மறு கடிதத்தில் எழுதலாம்.